அமெரிக்க நீதிபதி ஒருவரின் குடும்ப வரலாற்றைத் தேடுவது எப்படி? ஜான் மார்ஷல் ஹார்லனை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

19ஆம் நூற்றாண்டு அமெரிக்க நீதிபதிகளின் குடும்பத்தைத் தேடத் தொடங்கும் பலர், இணையத்தில் யாரோ போட்டுவைத்த வம்சாவளியைப் பிரதி எடுத்துக்கொண்டு அதற்கு ஆதாரம் தேடுகிறார்கள். இந்த வரிசை தலைகீழானது. ஆவணம் முதலில் வரவேண்டும், உறவு அதிலிருந்து பிறக்கவேண்டும். அந்த வரிசையை ஒரே ஒரு குடும்பத்தை வைத்துக் காட்டுகிறேன்: அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1877 முதல் 1911 வரை இருந்த ஜான் மார்ஷல் ஹார்லனின் குடும்பம். இந்தத் தேடலில் ஒருவர் இடறி விழக்கூடிய குழிகள் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு குடும்பத்தில் இருக்கின்றன.

1. முதலில் தயார் செய்துகொள்ள வேண்டியவை

ஃபேமிலிசர்ச் தளத்தில் ஒரு கணக்கு. இது இலவசம். அமெரிக்கக் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற உட்பிரிவு) நீதிமன்றங்களின் பத்திரங்கள், உயில்கள், வரிப் பட்டியல்கள் பெருமளவு இங்கே படங்களாக இருக்கின்றன. கட்டணம் வாங்கும் தளங்களை இதைத் தீர்த்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கவுண்டி எல்லைகள் எந்த ஆண்டில் எப்படி மாறின என்று காட்டும் வரைபடம். இதை ஏன் இவ்வளவு முன்னால் வைக்கிறேன் என்பது 4ஆம் படியில் தெரியும்.

ஒரு தேடல் பதிவேடு. எந்த நாள், எந்த ஆவணம், எந்த ஆண்டு, எந்தப் பெயர், கிடைத்ததா இல்லையா என்ற ஐந்து பத்திகள் போதும். கிடைக்காததையும் கட்டாயம் எழுதுங்கள். எழுதாவிட்டால் இரண்டு மாதம் கழித்து அதே மைக்ரோஃபிலிம் சுருளை மறுபடியும் புரட்டிக்கொண்டிருப்பீர்கள்.

பழைய ஆங்கிலக் கையெழுத்தைப் படிக்கக் கொஞ்சம் பயிற்சியும் வேண்டும். 'ஹார்லன்' என்ற பெயர் ஹார்லண்ட், ஹார்லின், ஹார்லென் என்று பல எழுத்துக்கூட்டல்களில் வரும். எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார், அவ்வளவுதான். எழுத்துக்கூட்டலை வைத்து ஆளை ஏற்கவும் கூடாது, தள்ளவும் கூடாது.

2. ஆளைத் தனியாகப் பிரித்தெடுங்கள்

பெயர் ஒன்றாக இருக்கும், ஆள் வேறாக இருப்பார். எனவே குடும்பத்துக்குள் நுழையும் முன் நீதிபதிக்கு ஓர் அடையாளக் குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள்: 1833 ஜூன் 1 பிறப்பு, கென்டக்கி, டான்வில் நகரின் சென்டர் கல்லூரி, பிராங்க்ஃபர்ட்டில் வழக்கறிஞர், உள்நாட்டுப் போரில் ஒன்றியப் படையின் (வட மாநிலங்கள் தரப்பின்) 10ஆவது கென்டக்கி காலாட்படைக்குக் கர்னல், 1911 அக்டோபர் 14 அன்று வாஷிங்டனில் இறப்பு. மத்திய நீதிபதிகளின் அதிகாரபூர்வ வாழ்க்கைக் குறிப்புகளை ஃபெடரல் ஜுடிஷியல் சென்டர் இணையத்தில் வைத்திருக்கிறது. தொடங்குவதற்கு அது போதும்.

இப்போது குழப்பங்களைப் பாருங்கள். உச்ச நீதிமன்றத்தில் இரண்டு ஜான் மார்ஷல் ஹார்லன்கள் இருந்தார்கள். இரண்டாமவர் 1899-ல் சிகாகோவில் பிறந்து 1955 முதல் 1971 வரை பதவியில் இருந்த பேரன். நீதிபதியின் தந்தை பெயர் ஜேம்ஸ் ஹார்லன், தாத்தா பெயரும் ஜேம்ஸ், ஒரு சகோதரர் ஜேம்ஸ், ஒரு மகனும் ஜேம்ஸ். போதாததற்கு, அதே காலத்தில் அயோவா மாநிலத்தின் செனட்டராக இருந்து உள்துறைச் செயலாளர் ஆன ஜேம்ஸ் ஹார்லன் வேறு ஒருவர். கென்டக்கி ஜேம்ஸும் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தவர் என்பதால் இந்த இருவரையும் ஒன்றாக்கிய வம்சாவளிகளை அடிக்கடி பார்க்கலாம். பிறந்த ஆண்டு பிரித்துக் காட்டும்: கென்டக்கிக்காரர் 1800, அயோவாக்காரர் 1820.

பட்டங்களும் ஏமாற்றும். ஹார்லன் 1858-ல் பிராங்க்ளின் கவுண்டியின் நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆகவே 1877-க்கு முந்தைய உள்ளூர்ச் செய்தித்தாளில் 'நீதிபதி ஹார்லன்' என்று கண்டால், பதவிக்கு வருமுன் எப்படி என்று திகைத்து அதைத் தள்ளிவிட வேண்டாம்.

நம் வாசகர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. நமக்கு இனிஷியல் என்றால் பெரும்பாலும் அப்பாவின் பெயர். அந்தப் பழக்கத்தில் 'ஜான் எம். ஹார்லன்' என்பதைப் பார்த்து மார்ஷல் என்பவரைத் தந்தை வழியில் தேடுபவர்கள் உண்டு. மார்ஷல் என்பது தலைமை நீதிபதி ஜான் மார்ஷலின் நினைவாக வைத்த பெயர். இரத்த உறவு எதையும் அது காட்டுவதில்லை. தந்தை ஜேம்ஸ் தாம் மதித்த தலைவர்களின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்தவர். ஹென்றி கிளே ஹார்லன் என்றும் ஒரு மகன் இருந்தார். புகழ்பெற்றவரின் பெயர் நடுவில் வந்தால் அவரை உறவினராக்கும் ஆசையை அடக்குங்கள். எல்லா நடுப்பெயரும் இப்படி வந்ததில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். நீதிபதியின் பிள்ளைகளில் ரிச்சர்ட் டேவன்போர்ட், ஜேம்ஸ் ஷாங்க்ளின் என்ற பெயர்கள் உண்டு. டேவன்போர்ட் என்பது நீதிபதியுடைய தாயின் பிறந்தகப் பெயர், ஷாங்க்ளின் மனைவியினுடையது. நடுப்பெயர் வழி காட்டலாம், அது மட்டும் ஒருபோதும் சான்றாகாது.

3. இறப்பிலிருந்து பின்னோக்கி நடங்கள்

பிறப்பில் தொடங்காதீர்கள். கடைசி ஆண்டுகளில்தான் ஆவணங்கள் மிகுதி, அவை தரும் தகவலும் விரிவு. ஹார்லனுக்கு 1911-ன் வாஷிங்டன் செய்தித்தாள்கள், ராக் கிரீக் கல்லறை, காங்கிரஸ் நூலகத்தில் உள்ள அவருடைய கடிதங்கள் என்று கையில் பிடிக்க ஏராளம் இருக்கிறது. இரங்கல் செய்தியில் உயிரோடிருந்த பிள்ளைகளின் பெயரும் ஊரும் வரும். அடுத்த படிகளுக்கு அதுதான் முகவரி.

ஆனால் ஓர் இறப்புச் சான்றிதழில் உள்ள ஒவ்வொரு தகவலுக்கும் ஒரே எடை கிடையாது. இறந்த நாளைச் சொன்னவர் அருகில் இருந்தவர். இறந்தவரின் தாய் எங்கே பிறந்தார் என்று சொன்னவர் கேள்விப்பட்டதைச் சொன்னவர். ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் 'சொன்னவர் யார், அவருக்கு எப்படித் தெரியும்' என்று குறித்துவையுங்கள். பின்னால் இரண்டு ஆவணங்கள் முரண்படும்போது இந்தக் குறிப்புதான் தீர்ப்புச் சொல்லும்.

4. பெயரைத் தேடும் முன் இடத்தைத் தேடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள்.

ஹார்லன் கென்டக்கியின் பாயில் கவுண்டியில் பிறந்தார் என்றே பெரும்பாலான குறிப்புகள் சொல்கின்றன. பிறந்த ஆண்டு 1833. பாயில் கவுண்டி உருவானது 1842-ல். மெர்சர், லிங்கன் என்ற இரண்டு கவுண்டிகளிலிருந்து வெட்டி அதை உண்டாக்கினார்கள். ஆக, அவர் பிறந்தபோது அப்படி ஒரு கவுண்டியே இல்லை. இன்றைய எல்லைப்படி அந்த இடம் எங்கே விழுகிறது என்பதைத்தான் குறிப்புகள் சொல்கின்றன.

இதனால் என்ன வந்துவிடும்? ஆவணங்கள் புதிய கவுண்டிக்கு நகர்வதில்லை. 1842-க்கு முந்தைய பத்திரமும் வரிப் பட்டியலும் தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிட்டன. பாயில் கவுண்டியின் டான்வில் நீதிமன்றத்தில் 1833-ஐத் தேடி எதுவும் கிடைக்காமல், 'ஆவணம் எரிந்துபோயிருக்கும்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவர்கள் போயிருக்க வேண்டிய இடம் மெர்சர் கவுண்டியின் தலைநகரான ஹாரட்ஸ்பர்க்.

இரண்டு தலைமுறை மேலே போனால் இதே சிக்கல் இன்னும் பெரிதாகிறது. நீதிபதியின் தாத்தா ஜேம்ஸும் அவருடைய சகோதரர் சைலஸும் கென்டக்கிக்கு வந்தது மார்டின்ஸ்பர்க் பக்கமிருந்து. அது இன்று மேற்கு வர்ஜீனியா. அன்று அப்படி ஒரு மாநிலம் இல்லை. அது 1863-ல் உருவானது. அந்த ஊர் இருக்கும் பெர்க்லி கவுண்டியே 1772-ல்தான் பிரெடரிக் கவுண்டியிலிருந்து பிரிந்தது. கென்டக்கியும் 1792 வரை வர்ஜீனியாவின் பகுதி. ஆகவே ஒரே குடும்பம் ஒரே நிலத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் அதன் ஆவணங்கள் மூன்று இடங்களில் சிதறியிருக்கலாம்.

செய்ய வேண்டியது இதுதான்: ஒவ்வொரு நிகழ்வுக்கும் இடம், ஆண்டு, அன்றைய கவுண்டி, இன்றைய கவுண்டி என்று நான்கு பத்திகளில் அட்டவணை போடுங்கள். அதை முடிக்காமல் தேடல் பெட்டியில் பெயரைத் தட்டாதீர்கள்.

கூடவே இன்னொரு தவறும் நடக்கிறது. 1833-ன் பிறப்புச் சான்றிதழைத் தேடி வாரக்கணக்கில் அலைகிறார்கள். கென்டக்கியில் பிறப்பு, இறப்புகளைப் பதியச் சட்டம் வந்ததே 1852-ல். பத்து ஆண்டுகளில் அது நின்றுபோனது. மாநிலம் முழுவதும் முறையான பதிவு தொடங்கியது 1911-ல். இல்லாத தாளைத் தேடுவதற்குப் பதில் கணக்கெடுப்பு, குடும்ப பைபிள், கல்லறை வாசகம் ஆகிய மூன்றையும் ஒப்பிடுங்கள்.

5. மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வரிசையாக எடுங்கள்

பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்த கூட்டாட்சிக் கணக்கெடுப்பே முதுகெலும்பு. ஆனால் ஒவ்வொரு ஆண்டும் கேட்ட கேள்விகள் வேறு. 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டும்தான் இருக்கும். மற்றவர்கள் வயதுக் கட்டங்களில் வெறும் எண்கள். 1850 முதல் சுதந்திர மனிதர்கள் எல்லோருடைய பெயரும் வருகிறது. தலைவருக்கு என்ன உறவு என்பது 1880 முதல்தான். அதனால் 1850 பட்டியலில் ஒரே வீட்டில் இருக்கும் சிறுவனை உடனே 'மகன்' என்று எழுதிவிடாதீர்கள். மருமகனாக இருக்கலாம், வழக்கறிஞர் வீட்டில் தங்கிப் படித்த மாணவனாகவும் இருக்கலாம். 1890 பட்டியலின் பெரும்பகுதி 1921 தீவிபத்தின் விளைவாக அழிந்துவிட்டது. 1900-ல் பிறந்த மாதம், மணமான ஆண்டுகள், தாய் பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடிருப்பவர் எத்தனை என்பதெல்லாம் உண்டு. நீதிபதியின் மனைவி மால்வினா ஹார்லனின் பிள்ளைகள் எல்லோரும் கணக்கில் வந்துவிட்டார்களா என்று சரிபார்க்க இந்தக் கேள்வி மிக உதவும். மூத்த மகள் ஈடித் 1882-லேயே இறந்துவிட்டார்; பிந்தைய பட்டியல்களை மட்டும் பார்த்தால் அவர் விடுபட்டுப்போவார்.

வயது விஷயத்தில் ஓர் அழகான சிக்கல். 1850 கணக்கெடுப்பின் அதிகாரபூர்வ நாள் ஜூன் 1. எழுத்தர் எந்த மாதத்தில் வந்தாலும் அந்த நாளின் நிலவரத்தைத்தான் எழுத வேண்டும். ஹார்லனின் பிறந்தநாளும் அதே ஜூன் 1. அன்றுதான் அவருக்கு 17 நிறைகிறது. பட்டியலில் 16 என்று கண்டாலும் 17 என்று கண்டாலும் அந்த ஒரு காரணத்துக்காக 'இவர் வேறு ஆள்' என்று தள்ளக்கூடாது. அந்த ஆண்டு அவர் டான்வில்லில் கல்லூரிப் படிப்பை முடிக்கிறார், பெற்றோரோ பிராங்க்ஃபர்ட்டில். இப்படிப்பட்ட மாணவர்கள் இரண்டு இடத்திலும் எழுதப்படுவதும், இரண்டிலும் விடுபடுவதும் உண்டு. இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

6. திருமணத்தை மணமகளின் கவுண்டியில் தேடுங்கள்

கென்டக்கிக்காரரின் திருமணத்தைக் கென்டக்கியில் தேடுவது இயல்பு. ஹார்லன் 1856 டிசம்பர் 23 அன்று மால்வினா பிரெஞ்ச் ஷாங்க்ளினை மணந்தது இண்டியானாவின் எவன்ஸ்வில் நகரில், பெண் வீட்டார் ஊரில். எனவே பதிவு வாண்டர்பர்க் கவுண்டியைச் சேர்ந்தது. அந்தக் காலத்தில் திருமணங்கள் பெரும்பாலும் பெண்ணின் ஊரில் நடந்ததால், மனைவியின் தந்தை எங்கே குடியிருந்தார் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.

கென்டக்கியில் நடந்த பழைய திருமணங்களுக்குப் பெரும்பாலும் பிணைப் பத்திரம்தான் கிடைக்கும். அது திருமணத்துக்கு முன் எழுதியது. அதன் தேதியை மண நாளாக எழுதாதீர்கள். மாறாக, அதில் பிணை நின்றவர் யார் என்று உற்றுப் பாருங்கள். பெண்ணின் தந்தை அல்லது சகோதரராக அவர் இருப்பது வழக்கம். தாய்வழியைத் திறக்கும் சாவி அந்தக் கையெழுத்துதான்.

மால்வினா, கணவர் இறந்த பிறகு தம் நினைவுகளை எழுதிவைத்தார். குடும்ப வாழ்க்கை குறித்து இவ்வளவு அருகிலிருந்து எழுதப்பட்டது வேறெதுவும் இல்லை. ஆனால் அது அரை நூற்றாண்டுக்குப் பிறகு நினைவிலிருந்து வந்தது. பழக்கவழக்கங்களுக்கு நம்புங்கள், ஆண்டுகளுக்கு வேறு ஆவணம் பாருங்கள்.

7. பெற்றோர், தாத்தா: வரியும் நிலமும்

கென்டக்கியின் 1790, 1800 கணக்கெடுப்புகள் இரண்டுமே இன்று இல்லை. இங்கேதான் பலர் கையை விரித்துவிடுகிறார்கள். ஆனால் 1792-லிருந்து ஆண்டுதோறும் எடுத்த வரிப் பட்டியல்கள் பல கவுண்டிகளுக்குத் தப்பிப் பிழைத்திருக்கின்றன. அவற்றைத் தொடர்ச்சியாக, ஓர் ஆண்டும் விடாமல் பாருங்கள். ஓர் இளைஞர் பெயர் முதல்முறை தோன்றினால் அவருக்கு 21 வயது ஆகியிருக்கும் என்று ஊகிக்கலாம். ஒரு பெயர் மறைந்து அதே நிலம் ஒரு பெண்ணின் பெயரில் வந்தால் கணவர் இறந்திருக்கக்கூடும். உடனே அந்த ஆண்டின் உயில் புத்தகத்தைத் திறங்கள்.

உயில் இல்லாவிட்டாலும் சொத்துப் பட்டியலும் பங்கீடும் இருக்கும். பங்கீட்டில் மணமான மகள்கள் கணவன் பெயரோடு வருவார்கள்.

ஹார்லன் குடும்பத்தில் இந்தப் படியில் ஒரு பொறி உண்டு. கென்டக்கியின் ஹார்லன் கவுண்டிக்குப் பெயர் கொடுத்த சைலஸ் ஹார்லனை நீதிபதியின் நேர் மூதாதையராகப் பலர் போட்டுவிடுகிறார்கள். சைலஸ் 1782 ஆகஸ்டில் புளூ லிக்ஸ் சண்டையில் மணமாகாமலே கொல்லப்பட்டவர். அவருக்கு நிச்சயித்திருந்த சாரா கால்டுவெல், பின்னர் அவருடைய சகோதரர் ஜேம்ஸை மணந்தார். நீதிபதி இந்த ஜேம்ஸ்–சாரா தம்பதியின் பேரன். புகழ்பெற்றவரும் நேர் வழியில் வந்தவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பக்கத்துக் கிளையையும் பாருங்கள்.

அதற்கும் மேலே போனால் 1687-ல் அயர்லாந்து வழியாக வந்த ஜார்ஜ் ஹார்லன் என்ற குவேக்கரிடம் (ஒரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்) சேர்வோம். குவேக்கர் பதிவுகளில் மாதத்துக்குப் பெயர் கிடையாது, எண்தான். 1752 வரை ஆண்டு மார்ச்சில் தொடங்கியது. எனவே 'முதல் மாதம்' என்றால் மார்ச், 'பத்தாம் மாதம்' என்றால் டிசம்பர். இதை அக்டோபர் என்று மாற்றி எழுதியதால் குழந்தை பிறந்த பிறகு பெற்றோருக்குத் திருமணம் நடந்ததாகக் காட்டும் வம்சாவளிகள் உண்டு. ஆவணத்தில் உள்ளபடியே எழுதிக்கொண்டு, மாற்றியதைப் பக்கத்தில் தனியாகக் குறியுங்கள்.

8. அடிமைப்படுத்தப்பட்டவர்களை விட்டுவிடாதீர்கள்

தந்தை ஜேம்ஸ் வீட்டில் அடிமைப்படுத்தப்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு எழுதும் குடும்ப வரலாறு பாதி வரலாறுதான். 1896-ல், இன அடிப்படையில் மக்களைப் பிரித்துவைப்பதை அனுமதித்த பிளெஸி வழக்கில் தனியொருவராக மாற்றுத் தீர்ப்பு எழுதிய மனிதர் எந்த வீட்டிலிருந்து வந்தார் என்று அறிய விரும்புகிறவர் இதைத் தாண்டிப் போக முடியாது.

1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உடைமையாளர் பெயர் மட்டும் இருக்கும். மனிதர்கள் வயது, பால், நிறம் என்ற மூன்று குறிகளாகச் சுருக்கப்பட்டிருப்பார்கள். பெயர்கள் வேறு இடத்தில் இருக்கும்: உயில், சொத்துப் பட்டியல், அடமானப் பத்திரம், விடுதலைப் பத்திரம். ஜேம்ஸ் 1863 பிப்ரவரியில் பிராங்க்ஃபர்ட்டில் இறந்தார். கென்டக்கி ஒன்றியத்தை விட்டு விலகாத மாநிலம் என்பதால் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் அங்கே செல்லவில்லை; 1865 டிசம்பரில் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் நடைமுறைக்கு வரும்வரை அடிமைமுறை நீடித்தது. ஆகவே 1863-ன் சொத்து ஆவணங்களில் பெயர்களைத் தேடுவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. அங்கே கிடைத்த பெயர்களை 1870 கணக்கெடுப்பிலும், கென்டக்கியில் திரட்டிய கறுப்பினப் படைப்பிரிவுகளின் ஏடுகளிலும் தொடருங்கள்.

ராபர்ட் ஹார்லன் இங்கேதான் வருகிறார். 1816-ல் பிறந்து, கலப்பினத்தவராக ஜேம்ஸ் வீட்டில் வளர்ந்து, 1848-ல் முறைப்படி விடுதலை பெற்று, கலிபோர்னியாவில் பணம் சேர்த்து, சின்சினாட்டியில் கறுப்பின மக்களின் தலைவர்களில் ஒருவராகி, ஓஹியோ சட்டமன்றம் வரை சென்றவர். அவர் நீதிபதிக்கு வேறு தாய் வயிற்றில் பிறந்த சகோதரர், அதாவது ஜேம்ஸின் மகன் என்று நெடுநாள் பேச்சு. ஜேம்ஸுக்கும் அவருக்கும் 16 வயதுதான் இடைவெளி. பிறந்த ஊரும் கென்டக்கியின் ஹாரட்ஸ்பர்க் என்றும் வர்ஜீனியா என்றும் இரு விதமாகச் சொல்லப்படுகிறது. பிற்காலத்தில் இரு வழிகளின் ஆண் சந்ததியாரிடம் செய்த மரபணுச் சோதனை பொருந்தவில்லை.

இதை எப்படிப் படிப்பது? அந்தச் சோதனை தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் ஒய் குரோமோசோமைப் பற்றியது. பொருந்தவில்லை என்றால், சோதிக்கப்பட்ட இருவருக்கும் ஒரே தந்தைவழி இல்லை. இரு பக்கமும் இடையில் உள்ள ஒவ்வொரு தலைமுறையும் சரியாக இருந்தால் ஜேம்ஸ் தந்தை அல்லர். தாய்வழி பற்றி அது ஒன்றும் சொல்லாது. அந்த வீட்டில் அவர் வளர்ந்ததையும் அந்தக் குடும்பம் அவரோடு தொடர்பு வைத்திருந்ததையும் அது மாற்றாது.

எனவே வம்சாவளிப் படத்தில் ராபர்ட்டை ஜேம்ஸின் கீழ் நேர்க்கோடு போட்டு மகனாக்காதீர்கள், படத்திலிருந்து நீக்கவும் செய்யாதீர்கள். 'ஜேம்ஸ் வீட்டில் வளர்ந்தவர், தந்தை நிறுவப்படவில்லை, மரபணுச் சான்று ஜேம்ஸுக்கு எதிராக' என்று அவர் பெயரடியில் எழுதி, தனிக் கட்டத்தில் வையுங்கள்.

9. கீழ்த்தலைமுறைகள்

இது எளிது, விரைவாக முடியும். மகன் ரிச்சர்ட் மதபோதகரும் கல்லூரித் தலைவரும் ஆனார். ஜேம்ஸ், ஜான் மேனார்ட் இருவரும் வழக்கறிஞர்கள். ஜான் மேனார்டின் மகன்தான் இரண்டாவது நீதிபதி ஹார்லன். லாரா, ரூத் என்ற மகள்கள் கடைசிவரை ஹார்லன் பெயரிலேயே கிடைப்பார்கள். கணக்கெடுப்புப் பட்டியல்கள் 72 ஆண்டுகள் கழித்தே பொதுவுக்கு வருவதால் இப்போது 1950 வரை பார்க்கலாம். அதற்குப் பிந்தையவர்கள் உயிரோடிருக்கக்கூடும். அவர்கள் பெயரை, பிறந்த நாளை வெளியிடாதீர்கள்.

10. எழுதி முடிக்கும் விதம்

1914-ல் அச்சான ஹார்லன் வம்சாவளி நூல் ஒன்று உண்டு. அதை இந்தக் கட்டத்தில் திறங்கள், முன்பே வேண்டாம். முன்பே திறந்தால் அதில் உள்ள பிழைகள் உங்கள் கண்ணில் படாது. அது சொல்வதையே ஆவணத்தில் படிப்பீர்கள். உங்கள் முடிவும் நூலும் வேறுபடும் இடங்களை மட்டும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் மூல ஆவணத்தை மறுபடியும் பாருங்கள்.

பிறகு ஒவ்வொரு பெற்றோர்–பிள்ளை இணைப்புக்கும் 'எந்த ஆவணம் சொல்கிறது' என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியில் ஆவணத்தின் பெயர், கவுண்டி, புத்தக எண், பக்கம், பார்த்த நாள் எல்லாம் இருக்கட்டும். இணைய முகவரி மட்டும் போதாது, அது மாறிவிடும்; புத்தக எண்ணும் பக்கமும் மாறாது. வரி எழுத முடியாத இணைப்புகளைப் புள்ளிக்கோடாக மாற்றிவிட்டு, அடுத்து எந்தக் கவுண்டியில் எந்த ஆண்டைப் பார்க்க வேண்டும் என்று தேடல் பதிவேட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.